கிளிமஞ்சாரோ ஏற ஐந்து நாள் போதுமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 43. தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன். வரும் ஜனவரியில் கிளிமஞ்சாரோ உச்சிக்குப் போக ஆசை. ஏஜென்ட் ஐந்து நாள் திட்டம், எட்டு நாள் திட்டம் என்று இரண்டு சொல்கிறார். ஐந்து நாள் என்றால் நல்ல காசு மிச்சம். அது போதுமா? நம் ஊரிலேயே பயிற்சி எடுக்க முடியுமா?"

காலுக்கான பயிற்சியை நம் மாவட்டத்திலேயே தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஐந்து நாள் போதாது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எதிலாவது பிடியுங்கள், நாட்களில் வேண்டாம்.

தான்சானியாவில் இருக்கும் இந்த எரிமலையின் உச்சி 5,895 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. இதற்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும்: மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இப்போது ஐந்து நாள் மரங்கு பாதையைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா, 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கிபோ குடிசை, சுமார் 4,700. அங்கே சரியாகத் தூங்கக்கூட முடியாது, நடுராத்திரியில் எழுப்பி உச்சிக்குக் கூட்டிப்போவார்கள். தினம் ஆயிரம் மீட்டர்!

நான் முதல் தடவை போனது இந்தக் கணக்கில்தான். அப்போது வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தேன், கால் ஒரு இடத்திலும் தளரவில்லை. ஆனால் எரிமலை வாயின் விளிம்பில், 5,685 மீட்டரில் இருக்கும் கில்மன்ஸ் பாயிண்டில், தலை பிளப்பதுபோல் வலித்தது. குடித்த டீ அப்படியே வெளியே வந்தது. உச்சிக்கு இன்னும் 210 மீட்டர்தான். வழிகாட்டி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இறங்கலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இரண்டாம் தடவை எட்டு நாள் லெமோஷோ பாதையில் போய் உச்சியைத் தொட்டேன். அந்தப் பாதையில் பகலில் லாவா டவர் வரை, அதாவது சுமார் 4,600 மீட்டர் ஏறிவிட்டு, தூங்குவதற்கு 4,000-க்குக் கீழே இறங்கிவிடுகிறோம். உடம்புக்கு அந்த இறக்கம் பெரிய உபகாரம். 500 மீட்டர் கணக்கை எந்தப் பாதையும் முழுசாகக் காப்பாற்றுவதில்லை, ஆனால் இது எவ்வளவோ மேல்.

ஊட்டியில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், நம் மகேந்திரகிரி அதைவிடவும் தாழ்வு. உயரத்துக்குப் பழக இவை பற்றாது. அந்த வேலையை கிளிமஞ்சாரோவிலேயேதான் செய்தாக வேண்டும்.

சரி, கால் பயிற்சிக்கு வருவோம். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் மருந்துவாழ் மலை ஏறுங்கள். பையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களாக ஆறு கிலோ வையுங்கள். முதல் மாதம் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குங்கள், முட்டி தப்பிக்கும். அப்புறம் பாரத்தோடேயே இறங்கிப் பழகுங்கள். உச்சியைத் தொட்ட அன்றே 2,000 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும், அழ வைப்பது அந்த இறக்கம்தான். உச்சிக்கான கடைசி ஏற்றம் எரிமலைச் சாம்பலும் சரளையும். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். இதற்குச் சொத்தவிளைக் கடற்கரையின் காய்ந்த மணல் நல்ல பள்ளிக்கூடம், ஷூ போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். புது ஷூவை விமான நிலையத்தில் முதல்முதலாக மாட்டாதீர்கள்.

குளிர்தான் நம்மூர்க்காரர்களுக்குப் புதுசு. உச்சி ஏறும் இரவில் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்: தண்ணீர் மேலிருந்து உறையும், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். போனைச் சட்டைக்குள் வையுங்கள், இல்லையென்றால் சார்ஜ் இறங்கிவிடும். அந்த உயரத்தில் பசியே எடுக்காது, பிஸ்கட் தொண்டையில் இறங்காது. சுக்குக் கருப்பட்டியைச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கொண்டுபோங்கள், வாயில் அடக்கிக்கொண்டே நடக்கலாம்.

கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பரிசோதியுங்கள். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். உயரத்தால் வரும் மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையால் விரல் நுனி மரத்ததுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம்.

மலையில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள், அது தணியட்டும். ஆனால் நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும் அறிகுறி. ராத்திரியானாலும் உடனே இறங்க வேண்டும், காத்திருந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. தலைவலியை வழிகாட்டியிடம் மறைக்கவே மறைக்காதீர்கள்.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தங்கல் என்பது. இன்னொன்று, காப்பீடு 6,000 மீட்டர் வரை செல்லுமா என்பது.