தம்பியின் தவணைக்காக மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 34,000 ரூபாய். கணவருக்குக் கடை வேலையில் 12,000. எனக்கு ஆறு வருடமாக பி.பி., நான்கு வருடமாக சுகர். இரண்டு வருடத்துக்கு முன் தம்பி செல்போன் கடை வைக்க, என் பெயரில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்துக் கொடுத்தேன். மாதத் தவணை 11,600. நாலு மாதம் அவன் கட்டினான், அப்புறம் நான்தான். அதற்காகச் சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்து 5,000 வாங்குகிறேன். மாத்திரைக்கு மாதம் 1,800 ஆவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். சுகர் டெஸ்ட்டையும் தள்ளிப்போடுகிறேன். தலைவலி எதுவும் இல்லை. இப்போது தம்பி, அதே கடனோடு சேர்த்து எடுக்கும் டாப்-அப் கடனாக இன்னும் 3 லட்சம் கேட்கிறான். ஒரு ஏஜென்ட், முதலீடும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்த யூலிப் திட்டத்தில் மாதம் 4,000 போடச் சொல்கிறார். படிவத்தில் பி.பி.யை எழுத வேண்டாம் என்கிறார். சேரலாமா?

பதில்: நீங்கள் கேட்டது யூலிப் பற்றி. ஆனால் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது மாத்திரை பற்றிய அந்த ஒரு வரிதான். கணக்கு எழுதுகிறவர் நீங்கள். தம்பியின் தவணையைக் கட்டாயச் செலவிலும் உங்கள் மாத்திரையைக் குறைக்கக்கூடிய செலவிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் மாதம் 900 மிச்சம். வருடத்துக்கு 10,800. தள்ளிப்போட்ட டெஸ்ட்டையும் சேர்த்தால் சுமார் 12,000. அதாவது, ஒரு வருடம் முழுக்க உடம்பைப் பணயம் வைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது தம்பியின் ஒரே ஒரு மாதத் தவணை! தலைவலி இல்லை என்பதை வைத்து பி.பி. அடங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ அது வெளியே வரலாம். அப்போது தனியார் மருத்துவமனைக்கு லட்சக்கணக்கில் போகும். உங்கள் சம்பளமும் நிற்கும்.

மாத்திரைச் செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் பி.பி., சுகர் மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பதும் உண்டு. வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால், மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் ஜெனரிக் மருந்து, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் மலிவாக வரும் அதே மருந்து, வாங்குங்கள். அதே மருந்துதானா என்று உங்கள் டாக்டரிடம் சீட்டைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் தினமும் போடுங்கள்.

இனி தம்பி. 14 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால், அசலில் இன்னும் சுமார் 3.4 லட்சம் பாக்கி இருக்கும். மூன்று வருடத்தில் முடிந்துவிடும். டாப்-அப் எடுத்தால் கடன் 6.4 லட்சமாகும்; மறுபடி ஐந்து வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 14,900. முடியும்போது உங்களுக்கு 58, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது. வேண்டாம். இரண்டு வருடத்தில் நாலு தவணை கட்டியவருக்கு இன்னும் 3 லட்சம் எதற்கு? கடைக்குப் பணம் தேவையென்றால் அவர் வீட்டு நகையை வங்கியில் வைக்கட்டும், வட்டியும் குறைவு. பழைய கடனுக்கு மாதம் 5,000 உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவர் வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் வந்தால் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிடலாம். சாயங்காலம் நடக்கவும் நேரத்தோடு தூங்கவும் முடியும். தராவிட்டாலும், கடன் உங்கள் பெயரில் இருப்பதால் தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது டாப்-அப் பேச்சை. அம்மா அழுவார்கள், சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும்.

யூலிப்பா? மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. ஐந்து வருடம் எடுக்கவும் முடியாது. மாத்திரைக்கே காசைக் குறைக்கிறவரிடம் இதை விற்க வருகிற தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். உங்களுக்குத் தேவை முதலீடு கலக்காத மருத்துவக் காப்பீடு மட்டும். சம்பளம் 21,000-ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. கிடையாது, முதல்வர் காப்பீட்டுக்கும் ஆண்டு வருமான வரம்பு 1,20,000. எனவே முதலில் மில் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பழைய நோய்க்கும் பெரும்பாலும் உடனே பாதுகாப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் தனியாக எடுங்கள். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பி.பி., சுகர் இரண்டுக்கும் பிரீமியம் கூடுதலாகக் கேட்பார்கள், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

பி.பி.யை மறைத்தால், முதல் ஐந்து வருடத்துக்குள் கிளெய்ம் வந்தால் அதைக் காட்டியே நிராகரிக்கலாம். அதற்குப் பிறகும் மோசடி என்று நிரூபித்தால் பணம் வராது. படிவத்தை உங்கள் கையாலேயே நிரப்பி, இரண்டு நோயையும், எந்த வருடத்திலிருந்து மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதி, ஒரு நகலை வாங்கி வையுங்கள். ஏஜென்ட் முகம் சுளித்தால், வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.