குழுப் படத்தில் நான் இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருநெல்வேலியில் வசிக்கும் 46 வயதுப் பெண். நாங்கள் இளநிலைக் கணிதம் முடித்து 25 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, சென்ற மாதம் கல்லூரியிலேயே ஒரு சந்திப்பு நடத்தினோம். 48 பேர் படித்த வகுப்பில் 31 பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்களே தவிர, திருமணமாகி ஊர் மாறிப்போன தோழிகளின் எண்களைத் தேடியது, ஜிபேயில் வந்த பணத்துக்குக் கணக்கு எழுதியது, அரங்குக்கு அனுமதி வாங்கியது, ஓய்வுபெற்ற ஐந்து பேராசிரியர்களை வீடு தேடிப் போய் அழைத்தது, பொன்னாடை, நினைவுப் பரிசு என எல்லாம் மூன்று மாதமாக என் தலையில்தான் விழுந்தன.

அன்று மதியம் சொதிச் சாப்பாடு. முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகு கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் தவசிப்பிள்ளையின் பக்கத்திலேயே நின்றேன். பிறகு இரண்டாம் பந்திக்கு இலை போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் குழுப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். என்னை யாரும் தேடவில்லை. நன்றியுரை சொன்ன வகுப்புத் தோழர், தானும் இன்னும் மூவரும் தூக்கமில்லாமல் உழைத்ததாகச் சொல்லி நாலு பெயர்களைப் படித்தார். அவர் செய்த வேலை என்று எனக்குத் தெரிந்தது, ஒரு நாள் பந்தல்காரரிடம் பேசியது மட்டுமே.

இரவு ஆத்திரத்தில் குழுவில் ஒரு நீண்ட செய்தியை அனுப்பிவிட்டு உடனே நீக்கினேன். நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் அங்கே நின்றது. என்ன அது என்று இருவர் கேட்டதற்கு, கை தவறி வந்துவிட்டது என்றேன். "பாராட்டுக்காகவா செய்தாய்?" என்று என் கணவர் கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை. மீதி 6,840 ரூபாய் இன்னும் என்னிடம் இருக்கிறது, கணக்கை ஒப்படைக்க மனம் வரவில்லை. இதற்கிடையில் அடுத்த சந்திப்பையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு 11 ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறேன், அன்று யாராவது "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்டபோதெல்லாம், பந்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோக முடிந்ததும் உண்மைதான். நான் அற்பமாக நடந்துகொள்கிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பாராட்டுக்காக ஒரு வேலையைச் செய்வது வேறு, செய்த வேலை இன்னொருவர் பெயரில் வரவு வைக்கப்படுவதைக் கண்டு கொதிப்பது வேறு. நன்றியுரையில் யார் பெயருமே வராமல் இருந்திருந்தால் அன்றிரவு நீங்கள் அசதியில் தூங்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். நாலு பெயர் வந்த இடத்தில் ஐந்தாவதாகக்கூட உங்கள் பெயர் வராததுதான் சுட்டது. இதில் அற்பத்தனம் எங்கே வந்தது?

ஆனாலும் அந்தத் தோழர் தெரிந்தே பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. 1979-இல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள், கணவன் மனைவியரிடம் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான வேலைகளில், இருவரும் சொன்ன பங்கைக் கூட்டியபோது அது முழுமையைத் தாண்டியது. பந்தல்காரரோடு மல்லுக்கட்டிய ஒரு நாள் அவர் நினைவில் மலைபோல நிற்கும். ஐந்து பேராசிரியர் வீட்டு வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்ததை அவர் பார்த்ததே இல்லை. (அந்த நால்வரில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருக்கவும் கூடும் என்பதையும் மறுக்க முடியாது.)

வேலை முழுவதும் உங்களிடம் வந்து சேர்ந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அமெரிக்காவில் லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மூன்று பேராகப் பிரித்து, இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாருக்கும் கூடுதல் பணம், ஆனால் அழுத்தியவருக்கு மட்டும் மற்ற இருவரைவிடக் குறைவு என்று விதி வைத்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகமாக அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் நடந்த அளவுக்கே ஆண்களும் முன்வந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லாரும் இருந்துவிடுகிறார்கள், அந்தப் பெண்ணும் அப்படியே நினைக்கிறாள். உங்கள் வகுப்புக் குழுவில் உயர்ந்த கட்டைவிரல்களுக்கும் இதுதான் பொருள்.

கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த செய்தியை நான் இருமுறை படித்தேன். அடுப்படி அன்று உங்களுக்கு ஒதுங்குமிடமாகவும் இருந்திருக்கிறது. பழைய நண்பர்கள் நடுவே 25 ஆண்டு வாழ்க்கையை இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் பலருக்கும் தொண்டை அடைக்கும், ஆகவே அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்று நினைத்த அதே மனம், யாராவது தேடி வர வேண்டும் என்றும் காத்திருந்திருக்கிறது. படம் எடுக்கும்போது உங்களைக் கூப்பிடாதது அவர்கள் தவறு. பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழுந்துபோனது நீங்கள் எடுத்த முடிவு. இவ்விரண்டும் ஒரே வலியாகக் கலந்துவிட்டதால்தான், அனுப்பிய செய்தியை உடனே நீக்கவும் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பணத்தை வைத்துக்கொண்டு தாமதித்தால் நியாயம் உங்கள் பக்கமிருந்து நழுவிவிடும். அதில் செலவுக்கு நேரே அந்த வேலையைப் பார்த்தவரின் பெயரையும் எழுதுங்கள். உங்கள் பெயர் எத்தனை வரியில் வர வேண்டுமோ அத்தனை வரியிலும் வரட்டும், பந்தலுக்கு நேரே அந்தத் தோழரின் பெயரும் இருக்கட்டும். அவரிடம் மட்டும் தொலைபேசியில் பேசி, நன்றியுரையில் உங்கள் பெயர் விட்டுப்போனது வருத்தமாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, குழுவில் அதை எழுதவும் வேண்டாம். அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், பணப்பொறுப்பு வேறொருவரிடம் போகட்டும். அன்று சொதி திரிந்தால் திரியட்டும்.

"இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்வி அங்கேயும் வரும். உங்கள் பதிலைத் தனியாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பவும் வகுப்பறைக்குப் போக வேண்டும் என்ற ஆசை அதில் எட்டிப் பார்த்தால், அதைப் பற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.