மேட்டில் வண்டி இழுக்கவில்லை: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒன்று. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் (என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முள் ஏறி, வேகம் ஏறாவிட்டால் ஒரு வழி. முள்ளும் சேர்ந்து விழுந்தால் வேறு வழி. அது தெரியாமல் பாகம் மாற்றச் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: பெட்ரோல் கார், டர்போ இல்லை, 90,000 கி.மீ. ஓடியது. சமதளத்தில் குறையே இல்லை. மேடு வந்தால் மூன்றாவது கியரிலேயே திணறுகிறது. முள்ளும் விழுகிறது. ஏர் ஃபில்டர் புதிது.

பதில்: முள்ளைப் பார்த்து எழுதியதற்கு நன்றி. 1,200 கிலோ வண்டி, 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 13 கிலோவாட் கூடுதலாக வேண்டும். சமதளத்தில் அதே வேகத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். அதனால்தான் பாதி அடைத்த ஃப்யூயல் ஃபில்டரும் தளர்ந்த பம்பும் அங்கே தெரிவதில்லை.

ஸ்கேனர் போட்டு ஃப்யூயல் டிரிம் பாருங்கள், அதாவது என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். ஐடிலில் (வண்டி நின்று, மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) ஒரு முறை, மேடு ஏறும்போது ஒரு முறை. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். ஐடிலில் +10-க்கு மேல் போய், மிதித்தால் குறைந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் சரியாக இருந்து மேட்டில் அந்த எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கு.

டிரிம் ஒழுங்காக இருந்தும் இழுக்கவில்லை என்றால் புகை வெளியேறும் வழியைச் சந்தேகப்படுங்கள். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2,500 ஆர்.பி.எம்.-ல் பிடியுங்கள். 3 பி.எஸ்.ஐ. தாண்டினால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறது. அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: முள் 4,000 போகிறது, வண்டி நகர மறுக்கிறது. கருகின வாடை வேறு.

பதில்: கிளட்ச். காலியான நேர் சாலையில், உயர் கியரில் 50 கி.மீ. வேகத்தில் முழுசாக மிதியுங்கள். முள் துள்ளி வேகம் அப்படியே இருந்தால் தட்டு வழுக்குகிறது. என்ஜினைத் தொட வேண்டாம்.

கேள்வி: டர்போ டீசல். பாதி மேட்டில் திடீரென இழுவை போய்விடும். ஓரம் கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஸ்கேனர் காட்டும் பழுது எண் பி0299. டர்போ மாற்ற வேண்டும் என்கிறார்கள் அண்ணா.

பதில்: பொறுங்கள் தம்பி. பி0299 சொல்வது டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தம் போதவில்லை என்பதை மட்டும். ஏன் என்று அது சொல்லாது. என்ஜின் தன்னைக் காக்கச் சக்தியைக் குறைத்துக்கொண்டு லிம்ப் மோடுக்குப் போகிறது, அவ்வளவுதான். இதே குறையோடு, டர்போ புதிதாக மாற்றிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கையால் மடக்கிப் பார்த்தேன். கிளாம்புக்குப் பக்கத்தில், அடிப்புறத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சும்மா இருக்கும்போது உதடு மூடியது போல ஒட்டியிருக்கிறது. அழுத்தம் ஏறினால்தான் திறக்கிறது. சுற்றிலும் ஆயில் ஈரத்தில் தூசி படிந்திருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. முதலில் குழாய், பிறகு வேக்குவம் குழல்கள், கடைசியில்தான் டர்போ.

கேள்வி: மேட்டில் மட்டும் செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது. ஏறி முடித்துவிடலாமா சார்?

பதில்: கூடாது. மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை சரியாக எரியவில்லை. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயிலோ தேய்ந்த பிளக்கோ அங்கே தோற்றுப்போகும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் பீங்கானையே உருக்கிவிடும். காலைத் தளர்த்துங்கள், முடிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: என் காரும் மேட்டில் இழுக்கவில்லை. எந்தப் பாகம் மாற்ற?

பதில்: முள்?

கேள்வி: மேட்டில் கியரை இறக்கு என்கிறார்கள். ஏன் இறக்க வேண்டும்? உயர் கியரிலேயே அழுத்தி ஏறினால் எரிபொருள் மிச்சம். இத்தனை வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கேள்வி: நானும் அப்படித்தான். மைலேஜ் காட்டும் திரையே சாட்சி.

பதில்: லேசான ஏற்றத்தில் நீங்கள் இருவரும் சொல்வது உண்மை. ஆனால் பெடல் தரையைத் தொட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. முழு மிதியில் பல பெட்ரோல் என்ஜின்கள் கலவையில் பெட்ரோலைக் கூட்டும், மிச்சம் அங்கேயே போய்விடும்.

கேள்வி: ஆர்.பி.எம். ஏறினால் தேய்மானம் இல்லையா?

பதில்: 3,500-ல் ஓடுவதற்குத்தான் என்ஜினைச் செய்திருக்கிறார்கள். 1,300-ல் முழு பாரம் ஏற்றினால் ஒவ்வொரு வெடிப்பும் பேரிங் மேல் சம்மட்டி அடி போல விழுகிறது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜினில் இன்னும் மோசம். பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டன் உடையலாம். உங்கள் வண்டி எது என்று நீங்கள் இருவருமே சொல்லவில்லை. டர்போ பெட்ரோல் என்றால் தயவுசெய்து இன்றே பழக்கத்தை மாற்றுங்கள்.

கேள்வி: 2,000 மீட்டர் உயரத்தில் மட்டும் சோர்கிறது. டர்போ இல்லை.

பதில்: அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சக்தியும் அதே அளவு குறையும். பழுது இல்லை.

கேள்வி: சி.வி.டி. (படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், மேட்டில் ஊளையிடுகிறது.

பதில்: அது என் கை படாத வேலை. கியர்பாக்ஸ் மட்டுமே பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிக்கப் இல்லை, பிளக் மாற்றிவிட்டேன், ஃபில்டர் மாற்றிவிட்டேன். அடுத்து?

பதில்: மாற்றுவதை நிறுத்துங்கள். முள் ஏறுகிறதா, விழுகிறதா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். ஐடிலில் +3, மேட்டில் +19. சென்சார் துடைத்தும் அதேதான்.

பதில்: பெட்ரோல் போதவில்லை. பம்ப் வாங்க ஓடாதீர்கள். பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டி, மேடு ஏறும்போது பிரஷர் விழுகிறதா பாருங்கள். விழுந்தால், ஃபில்டர் தனியாக இருக்கும் வண்டி என்றால் அதை மட்டும் மாற்றி மறுபடி அளந்து, எண்ணை எழுதுங்கள்.