மசாகி சுஸுகியின் இடது கை – கேள்வி பதில்

18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை நடத்தும் ஜப்பானியக் கண்டக்டர் (இசைக்குழுவை வழிநடத்துபவர்) மசாகி சுஸுகியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: இவர் முதலில் கண்டக்டரா, வாத்தியக்காரரா?

வாத்தியக்காரர்தான். 1954இல் கோபே நகரில் பிறந்தார். 12 வயதிலேயே ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் வாசிக்கத் தொடங்கிவிட்டார். டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பும் ஆர்கனும் படித்தார். அப்புறம் ஆம்ஸ்டர்டாம் போய் டான் கோப்மானிடம் ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) பியட் கேயிடம் ஆர்கனும் கற்றார். கோப்மான், ஹார்ப்சிகார்ட் மேதை குஸ்தாவ் லெயோன்ஹார்ட்டின் மாணவர். நல்ல பாடாந்தரம் என்று நாம் சொல்வோமே, அது இவருக்கு வாய்த்தது. ஊர் திரும்பி 1990இல் ‘பாக் கொலேஜியம் ஜப்பான்’ என்ற குழுவைத் தொடங்கினார்.

கேள்வி: அண்ணா, நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். ஹார்ப்சிகார்டும் அதே மாதிரிதானா?

கட்டைகள் மட்டும்தான் அதே மாதிரி, தம்பி. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் பறவைச் சிறகின் காம்பு (இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்) தந்தியை மீட்டும். ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் உணர்ச்சியை எதில் காட்டுவது? காலத்தில்தான். ஒரு ஸ்வரத்தை மயிரிழை தாமதித்து வைப்பார்கள். முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே விடுவார்கள். கார்டை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) மொத்தமாக அடிக்காமல் கீழிருந்து மேலாக உதிர்ப்பார்கள். சுஸுகியின் பாடகர் குழு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியைக் கவனியுங்கள். ஹார்ப்சிகார்டில் பழகிய காதுதான் அதை நடத்துகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: கண்டக்டருக்குக் கையசைத்தால் போதாதா? கீபோர்டு எதற்கு?

நான் எதிர்பார்த்த கேள்வி இது. பாக் காலத்து இசையில் எல்லாவற்றுக்கும் அடியில் ‘பாஸோ கன்டினுவோ’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். தாளில் கீழ்வரி ஸ்வரங்கள் மட்டும் இருக்கும், பக்கத்தில் சில எண்கள். 6 என்று போட்டிருந்தால் அந்த ஸ்வரத்தோடு அதற்கு மேலே மூன்றாவதையும் ஆறாவதையும் சேர்க்க வேண்டும். இடது கை, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவோடு சேர்ந்து கீழ்வரியை வாசிக்கும். வலது கை என்ன செய்ய வேண்டும் என்பது முழுதாக எழுதப்பட்டிருக்காது. பாடுபவரின் மூச்சைப் பார்த்து, எங்கே நிரப்புவது, எங்கே சும்மா இருப்பது என்று வாசிப்பவர் அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். நம் பக்கவாத்தியக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கோலோடு மேடையில் நிற்கும் கண்டக்டர் பின்னால் வந்தவர். 1791இல் லண்டன் போன ஹைடன்கூடக் கீபோர்டு முன் அமர்ந்துதான் கச்சேரியை வழிநடத்தினார். சுஸுகியும் சில படைப்புகளை ஹார்ப்சிகார்டில் இருந்தபடியே நடத்துவார். நின்று நடத்தும்போதும் அவர் இசையை அடிவரியிலிருந்து மேலே கட்டுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் வேகமான இடங்களிலும் அவர் இசை தடுமாறுவதில்லை.

கேள்வி: பாக்கின் எல்லா தேவாலயக் கான்டாட்டாக்களையும் பதிவு செய்தார் என்பது உண்மையா?

உண்மை. கான்டாட்டா என்பது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து வழங்கும், பல பகுதிகள் கொண்ட பாடல் படைப்பு. பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களில் சுமார் 200 மிஞ்சியிருக்கின்றன. ஸ்வீடனின் பிஐஎஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1995இல் ஆரம்பித்து 2013இல் முடித்தார். மொத்தம் 55 தொகுதிகள். பதிவு நடந்த இடம் கோபே ஷோயின் மகளிர் பல்கலைக்கழகத்தின் சிற்றாலயம். அதே 1995 ஜனவரி 17இல்தான் கோபேயில் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கம். முதல் தொகுதிகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும். 2012இல், பாக் பணியாற்றிய ஜெர்மன் நகரமான லைப்சிக் அவருக்குப் பாக் பதக்கம் கொடுத்தது.

கேள்வி: சுஸுகியின் குழுவில் பாடகர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பாக் 1730இல் லைப்சிக் நகர சபைக்கு எழுதிய மனுவில், ஒவ்வொரு குரல் வகைக்கும் குறைந்தது மூன்று பேர், நான்கு பேர் இருந்தால் நல்லது என்கிறார். ஆக 12 முதல் 16 பேர். சுஸுகி ஏறத்தாழ அந்த அளவிலேயே நிற்கிறார்.

கேள்வி: ஜெர்மன் தெரியாத நமக்கு இதில் ஒட்டுமா?

சபையில் வளர்ந்தவரென்றால் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. ‘இரத்தம் காயம் குத்தும்’ என்ற ஞானப்பாட்டின் மெட்டு, பாக்கின் மத்தேயு பாஷனில் (மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைப் படைப்பு) ஐந்து முறை வருகிறது. முதல் இரண்டு முறை ஒரே ஒத்திசைவு, சுருதி மட்டும் வேறு; மற்ற மூன்று முறையும் அடியில் உள்ள ஒத்திசைவே வேறு. சுஸுகி அந்தப் படைப்பை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: அவருக்குப் பிறகு?

மகன் மசாதோவும் ஹார்ப்சிகார்ட், ஆர்கன் வாசிப்பவர். 2018 முதல் அதே குழுவின் முதன்மைக் கண்டக்டர்.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

இரண்டாம் தொகுதியில் 106ஆம் எண் கான்டாட்டா. பாக் தம் இருபது வயதுகளின் தொடக்கத்தில் எழுதியது, சுமார் 20 நிமிடம். இரண்டு ரெக்கார்டர் குழல்களும் இரண்டு வயோலா ட காம்பாக்களும் (முழங்கால்களுக்கிடையே வைத்து வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம்) தொடங்கிவைக்கும். முதல் தடவை குழல்களோடு போங்கள். இரண்டாம் தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு குழல்களை விட்டுவிட்டு, அடியில் நிதானமாக நடக்கும் அந்தக் கீழ்வரியை மட்டும் பின்தொடருங்கள்.