பிக் பேண்ட் ஜாஸில் பதினைந்து பேர் சேர்ந்து ஊதும்போது தனித்தனிக் கலைஞரின் திறமையை எப்படி ரசிப்பது?

எனக்கும் முதலில் இதே குழப்பம்தான். பிக் பேண்ட் என்றால் கோட் சூட் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஊதுவார்கள், முன்னால் ஜோடிகள் ஆடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்தச் சத்தத்துக்குள் யார் மேதை, யார் சம்பளத்துக்கு ஊதுகிறவர் என்று எப்படிப் பிரிப்பது?

எனக்கு வழி காட்டியது, அமெரிக்க ஜாஸ் பியானோக்காரரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன் நடத்திய குழு. அதை மட்டும் வைத்தே பதில் சொல்கிறேன். கவுன்ட் பேஸி குழு வேறு ரகம், அங்கே தாளக்காரர்கள்தான் ராஜா. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

எலிங்டன் குழுவின் நோட்டுத் தாள்களில் ‘மூன்றாவது ட்ரம்போன்’, ‘இரண்டாவது ட்ரம்பெட்’ என்று எழுதுவதற்குப் பதில் வாசிக்கப் போகிற ஆளின் பெயரையே எழுதும் வழக்கம் இருந்தது. பல நேரம் பட்டப்பெயர். எலிங்டன் வாத்தியத்துக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். இது தெரிந்த பிறகு நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. அடுத்த அறையில் சொந்தக்காரர்கள் பேசினால் முகம் பார்க்காமலேயே இது பெரியப்பா, இது சித்தி என்று தெரிகிறதல்லவா? அப்படிக் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் சிக்கியவர் ‘ட்ரிக்கி சாம்’ நான்டன். ட்ரம்போன்காரர், 1926இல் சேர்ந்தவர். சிங்க் அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்கிறோமே, அந்த ரப்பர் கிண்ணத்தைக் கைப்பிடி இல்லாமல் எடுத்துக்கொண்டு, வாத்தியத்தின் வாயை மூடி மூடித் திறப்பார். உள்ளே ஏற்கெனவே ஒரு மியூட், அதாவது ஒலியை அடக்கி மாற்றும் அடைப்பான், செருகியிருக்கும். தொண்டையிலிருந்து ஓர் உறுமலையும் சேர்த்து விடுவார். வருவது ட்ரம்போன் சத்தமே இல்லை, ‘யா… யா…’ என்று ஒரு மனிதக் குரல். 1940இல் பதிவான ‘கோ-கோ’வைப் போட்டுப் பாருங்கள். யாரோ எதையோ பிடிவாதமாக வாதாடுவது போல இருக்கும், மொழிதான் புரியாது.

ட்ரம்பெட்டில் இந்த உறுமலைக் கொண்டுவந்தவர் பப்பர் மைலி. 1929இல் அவர் குழுவை விட்டு விலகிய பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் கூட்டி வில்லியம்ஸ். இப்படி உறுமி வாசி என்று எலிங்டன் அவரிடம் சொல்லவே இல்லையாம். பக்கத்தில் நான்டன் வாசிப்பதைக் கேட்டு முதலில் சிரித்திருக்கிறார். கொஞ்ச நாளில், அட, நம்மை இதற்குத்தானே எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு தானே ஒரு ரப்பர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். 1940 மார்ச்சில் பதிவான ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ மூன்றே சொச்சம் நிமிடம்தான். மியூட் போட்டு இறுக்கமாகத் தொடங்குவார், அப்புறம் உறுமுவார். நடுவில் மியூட்டை எடுத்துவிட்டுத் திறந்து ஊதுவார் பாருங்கள், மூடிக் கிடந்த வீட்டில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். கடைசியில் திரும்பவும் மியூட். ஒரே ஆள்தான் என்று நம்ப எனக்குப் பல தடவை கேட்க வேண்டியிருந்தது. அதே வருடம் அவர் பென்னி குட்மன் குழுவுக்குப் போய்விட்டார், திரும்பி வந்தது 1962இல்.

ஜானி ஹாட்ஜஸ் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். ஆல்ட்டோ சாக்ஸஃபோன். 1928இல் சேர்ந்து, ஐம்பதுகளில் நான்கைந்து வருடம் தனிக்கடை போட்டது தவிர, 1970இல் சாகும்வரை இங்கேதான். எழுந்து நின்று வாசிக்கும் படங்களில் முகத்தைப் பாருங்கள், ரேஷன் வரிசையில் நிற்கிறவர் மாதிரி ஒரு சலனமும் இருக்காது. வாத்தியத்திலிருந்து வருவதோ வேறு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு ஏறுவார். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். ஜாரு என்றால் போதும். மேலே உள்ள சுரத்தை எப்போது தொடுவார் என்று நாம் காத்திருக்க, அவர் அவசரமே இல்லாமல் போய்ச் சேருவார்.

1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பி இந்தக் குழு மேற்காசியா, இந்தியா, இலங்கை என்று சுற்றியது. அந்தப் பயணத்தை ஒட்டி வந்த ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’ (Suite) என்ற இசைத்தொகுப்பில் டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரல் ஜிம்மி ஹாமில்ட்டனின் கிளாரினெட்டில் வரும். ஹாட்ஜஸுக்கு அதில் ‘இஸ்ஃபஹான்’. ஈரானிய நகரத்தின் பெயர் இருந்தாலும் மெட்டு பயணத்துக்கு முன்பே, எலிங்டனோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதி வைத்தது. அதனால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறது. ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது ‘பிளட் கவுன்ட்’. 1967 மே மாதம் அவர் இறந்தார், ஆகஸ்டில் ஹாட்ஜஸ் அதை வாசித்துப் பதிவு செய்தார்கள். அதில் வழுக்கல் கெஞ்சலாகி, நடுவில் ஓரிடத்தில் கோபமாகவே மாறுகிறது. இதை வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள்.

பால் கொன்சால்வஸ் விஷயத்தில் நான் ஏமாந்த கதை ஒன்று. 1956 ஜூலை, நியூபோர்ட் ஜாஸ் விழா. எலிங்டனுக்கு அப்போது மவுசு குறைந்திருந்த காலம். 1937இல் எழுதிய இரண்டு ப்ளூஸ் துண்டுகளுக்கு நடுவில் பாலம் போட டெனர் சாக்ஸஃபோனோடு கொன்சால்வஸ் எழுந்தார். பன்னிரண்டு பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட ப்ளூஸ் சுற்று, ஒன்று இரண்டல்ல, 27 சுற்று. கறுப்பு உடையில் ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்கினார், கூட்டமே எழுந்துவிட்டது. பேஸி குழுவின் பழைய டிரம்மர் ஜோ ஜோன்ஸ் மேடையோரம் நின்று சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி உசுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் டைம் இதழ் அட்டையில் எலிங்டன் படம். இவ்வளவு பெருமை கேள்விப்பட்டு இசைத்தட்டைப் போட்டால், கொன்சால்வஸ் பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலக் கேட்கிறது! என் ஹெட்போன்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் தவறான மைக்கைப் பார்த்து வாசித்திருக்கிறார், அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக். அந்த ஒலிநாடாவையும் சேர்த்து 1999இல் வெளியிட்ட பதிப்பில்தான் அவர் ஆளாகவே நம் முன்னால் நிற்கிறார். அதைத் தேடிக் கேளுங்கள்.

பேஸ் வாசித்த ஜிம்மி பிளான்ட்டனை விட முடியாது. 1939இல் சேர்ந்தபோது 21 வயது, காசநோயில் இறந்தபோது 23. அதற்குள் தாளத்தைத் தாங்கும் தூணாக மட்டும் இருந்த பேஸைப் பேச வைத்துவிட்டார். ‘ஜாக் தி பேர்’ கேளுங்கள். உச்சஸ்தாயியில் கிறீச்சிடும் கேட் ஆண்டர்சன் ட்ரம்பெட்டை மட்டும் என்னால் இன்னும் ரசிக்க முடியவில்லை. சாதனைதான், ஆனால் காது வலிக்கிறது.

கடைசியாக ஹாரி கார்னி. பாரிட்டோன் சாக்ஸஃபோன், குழுவின் அடித்தளம். 1927இல் 17 வயதில் சேர்ந்தவர், 1974 மே மாதம் எலிங்டன் இறக்கும்வரை விலகவே இல்லை. பிற்காலத்தில் மற்றவர்கள் பஸ்ஸில் போக, எலிங்டன் கார்னி ஓட்டும் காரில் போவார். எலிங்டன் போன அதே ஆண்டு அக்டோபரில் கார்னியும் போய்விட்டார். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊதத் தெரிந்தவர். ‘சொஃபிஸ்டிகேட்டட் லேடி’யை அவர் வாசிக்கும் கச்சேரிப் பதிவு எது கிடைத்தாலும் சரி, கடைசி சுரம் வரும்போது கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.