மோட்டார்ஹோம் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய என்ன கருவி வாங்குவது?

சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்து சென்று மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிவறை உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கவிருப்பதாகவும், கழிவுத் தொட்டிக்கு எந்தக் குழாய், எந்தப் பம்பு வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டியிலுள்ள கழிவறை எந்த வகை என்பதை முதலில் விசாரியுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

அங்கு பரவலாக இருப்பது கேசட் கழிவறை. சுமார் 20 லிட்டர் கொள்ளும் பெட்டியை வண்டியின் வெளிப்புறக் கதவு வழியாக உருவி, கழிவு அகற்றும் நிலையத்திற்குக் கொண்டுபோய் ஊற்றிவிடலாம் என்பதால், அதற்குக் குழாயும் வேண்டாம், பம்பும் வேண்டாம். ஊற்றுவாய் கீழ்நோக்கித் திரும்பிய பிறகு பெட்டிக்குள் காற்றை விடும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். இல்லையேல் கழிவு குபுக்குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும்.

வண்டிக்கு அடியில் நிலையான தொட்டி இருக்கும் அமெரிக்க வகை வண்டிகளுக்கு 3 அங்குலக் குழாய் போதும். நிலையத்தின் வடிகால் வாய் வண்டியின் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால்தான், கழிவை அரைத்துத் தள்ளும் 12 வோல்ட் பம்பு தேவைப்படும். வாடகைப் பயணத்திற்கு அதை வாங்குவது வீண்செலவு என்பேன்.

நீங்கள் அவசியம் வாங்க வேண்டியது முழங்கை வரை மூடும் ரப்பர் கையுறை; நம் பேட்டைக் கடையிலேயே கிடைக்கும். குடிநீர்க் குழாயைக் கழிவுப் பெட்டி கழுவ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.