மா என்றால் ‘என்ன’, மீ என்றால் ‘யார்’: எபிரேயக் கேள்விச் சொற்கள்

வாசகர் கேள்வி – பதில்

இஸ்ரேலில் பராமரிப்பு வேலைக்கும் விவசாய வேலைக்கும் போகத் தயாராகும் மலையக வாசகர்கள் எபிரேய மொழி பற்றி அனுப்பிய கேள்விகளில், கேள்விச் சொற்கள் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம். எபிரேயச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாசிக்கும் முறை இரண்டாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: மகள் பராமரிப்பாளர் வேலைக்குப் போக இருக்கிறாள். கேள்விச் சொற்கள் இருபதுக்கு மேல் உள்ள பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் மனப்பாடம் செய்கிறாள். மறுநாள் எல்லாம் கலந்துவிடுகிறது. எத்தனை சொல் தெரிந்தால் போதும்? (வாசகி, தலவாக்கலை)

முதல் இரண்டு வாரத்துக்கு ஆறு சொற்கள் போதும் அம்மா. மா (என்ன), மீ (யார்), எய்ஃபோ (எங்கே), மத்தாய் (எப்போது), காமா (எத்தனை, எவ்வளவு), லாமா (ஏன்). இவை நாக்கில் உட்கார்ந்த பிறகு எய்ஃக் (எப்படி), எய்ஸெ (எந்த), லெஆன் (எங்கே, ஒரு இடத்தை நோக்கி), மேஎய்ஃபோ (எங்கிருந்து), ஷெல் மீ (யாருடைய) என்று சேர்த்துக்கொண்டு போகலாம்.

பட்டியலாகப் படிப்பதுதான் கலந்துபோகக் காரணம். தமிழில் எங்கே, எப்போது, எத்தனை, எப்படி எல்லாம் ‘எ’ என்ற ஒரே வேரில் முளைத்தவை. எபிரேயத்திலும் இதே அமைப்பு உண்டு. வேர் மட்டும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ‘மா’. அதன் முன்னால் ‘போல’ என்ற பொருள் தரும் ‘க’ சேர்ந்தால் காமா. ‘க்கு’ என்ற பொருள் தரும் ‘ல’ சேர்ந்தால் லாமா. அதாவது லாமா என்பது நம்முடைய ‘எதற்கு’ என்ற சொல்லேதான். இரண்டாவது வேர் ‘எய்’. ‘இங்கே’ என்று பொருள்படும் ‘போ’ அதனோடு சேர்ந்து எய்ஃபோ ஆயிற்று. ‘இது’ என்று பொருள்படும் ‘ஸெ’ சேர்ந்து எய்ஸெ ஆயிற்று. நாம் வேற்றுமை உருபைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். யாருக்கு: லெமீ. யாரோடு: இம் மீ. எதைப் பற்றி: அல் மா. ஆங்கில வழியில் படிப்பதைவிடத் தமிழ் வழியில் படிப்பது இந்த இடத்தில் உண்மையிலேயே சுலபம். ‘இது என்ன’ என்பதில் வினைச்சொல் இல்லாதது போலவே ‘மா ஸெ?’ என்பதிலும் இல்லை.

ஒவ்வொரு கேள்விச் சொல்லையும் அதற்கு வரக்கூடிய இரண்டு மூன்று பதில்களோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மத்தாய் என்றால் அஃக்ஷாவ் (இப்போது), ஹயோம் (இன்று), மாஃகார் (நாளை). எய்ஃபோ என்றால் போ (இங்கே), ஷாம் (அங்கே). லாமா என்றால் பதில் ‘கி’ (ஏனென்றால்) என்றுதான் தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். வீட்டில் ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வதாக, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறோம். அங்கே ஒரு பாட்டி ‘போ’ என்றால் போகச் சொல்கிறார் என்று மகள் நினைத்துவிடக் கூடாது, ‘இங்கே’ என்கிறார். ஆண் ஒருவரை ‘வா’ என்று அழைக்கும் சொல்லும் கிட்டத்தட்ட ‘போ’தான், ‘பஸ்’ஸில் வரும் ‘ப’வோடு. பெண்ணுக்கு ‘போஇ’. ஆகவே ‘போஇ போ’ என்றால் ‘இங்கே வா’.

கேள்வி: தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஆனால் போனில் எபிரேயம் பேசுபவரிடம் சொன்னால் புரியவில்லை என்கிறார். எங்கே பிழை? (வாசகர், பொகவந்தலாவை)

பெரும்பாலும் நான்கு இடங்களில்.

முதலாவது ‘த’. தமிழில் உயிருக்கு நடுவே தனி ‘த’ வந்தால் அது மென்மையாகிவிடும். இரட்டித்தால்தான் வன்மையாக நிற்கும். ‘மதாய்’ என்று எழுதி வைத்தால் நம் நாக்கு அதை வேறொரு சொல்லாக்கிவிடும். ‘மத்தாய்’ என்று எழுதுங்கள். மெல்லினத்துக்குப் பின்னாலும் இதே சிக்கல்தான். ‘புரியவில்லை’ என்பதற்கு ‘லோ ஹெவந்தி’ என்று எழுதினால் ‘பந்தி’யின் ‘தி’ வந்துவிடும். ‘ஹெவன்த்தி’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது ‘ஃப’. எய்ஃபோவை ‘எய்ப்போ’ என்று சொல்லக் கூடாது. மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும்.

மூன்றாவது தொண்டை ஒலி. இதற்கு நாம் ‘ஃக’ என்று எழுதுகிறோம். வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்கள் ‘ஃகலாஸ்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே ஒலி. ‘எய்ஃக்’ என்பதை ‘எய்க்’ என்று முடித்தால் பாதிச் சொல் போல் இருக்கும். சளியை மெல்லச் செருமுவது போல, காற்று நிற்காமல் உரச வேண்டும்.

நான்காவது அழுத்தம். லாமா, காமா, எய்ஃபோ, எய்ஸெ ஆகியவற்றில் முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். மத்தாய், லெஆன் இரண்டிலும் கடைசி அசையை. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாததால் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. அங்கே அது காதுக்கு உடனே தெரியும்.

‘ஸெ’, ‘எய்ஸெ’ இரண்டிலும் உள்ள ‘ஸ’ தேனீயின் ரீங்காரம் போலத் தொண்டை அதிர வர வேண்டும். ‘ஹ’ பற்றிக் கவலை வேண்டாம். ஹட்டனை அட்டன் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது விழுந்துவிடும்தான். ஆனால் பேச்சு வழக்கில் இஸ்ரேலியர்களும் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: குவைத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். பேச்சு அரபு நன்றாக வரும். அது உதவுமா, குழப்புமா? (வாசகி, பண்டாரவளை)

இரண்டும்தான். அரபும் எபிரேயமும் ஒரே மொழிக் குடும்பம். மத்தா – மத்தாய், கம் – காமா, மின் – மீ என்று மூன்று சொற்கள் உங்களுக்கு இலவசம். தொண்டை ஒலியும் ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது.

இடறும் இடம் ‘மா’. நீங்கள் பழகிய அரபில் ‘மா ஃபீ’ என்றால் இல்லை. எபிரேயத்தில் ‘மா’ என்றால் என்ன. மறுப்புக்கு ‘லோ’. ‘வேன்’, ‘லேஷ்’ இரண்டையும் மறந்துவிடுங்கள். அவற்றின் இடத்தில் எய்ஃபோவும் லாமாவும்.

தமிழ்க் காதுக்கும் ஒரு பொறி உண்டு. ‘ஏன்’ என்று கேட்பது போலவே எபிரேயத்தில் ஒரு சொல் வரும். அதற்குப் பொருள் ‘இல்லை’. ‘ஏன் மாயிம்’ என்றால் தண்ணீர் இல்லை. யாரோ காரணம் கேட்கிறார் என்று நினைத்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: வேதத்தில் ‘ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி’ என்று வருகிறதே, அந்த லாமாவும் இந்த லாமாவும் ஒன்றா? (வாசகர், டிக்கோயா)

ஒன்றேதான். மத்தேயு 27:46இல் வரும் அந்த வாக்கியம் சங்கீதம் 22:1இன் சொற்கள். சங்கீதத்தின் எபிரேய மூலம் ‘ஏலி ஏலி லாமா அஸவ்தானி’. ‘சபக்தானி’ மட்டும் அரமேயச் சொல். ஞாபகத்தில் வைக்க இதைவிட நல்ல வழி வேறில்லை.

இன்னும் மூன்று தருகிறோம். மிக்கேல் என்ற பெயரைப் பிரித்தால் மீ – ஃகா – ஏல்: ‘கடவுளைப் போன்றவர் யார்?’ அந்தப் பெயர் முழுவதுமே ஒரு கேள்வி. யாத்திராகமம் 16:15இல் மக்கள் ‘மான் ஹூ’ என்று கேட்டதிலிருந்து மன்னாவுக்குப் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘இது என்ன’ என்று பொருள். நாம் புலம்பல் என்று அழைக்கும் நூலுக்கு எபிரேயத்தில் ‘எய்ஃகா’ என்று பெயர். நூலின் முதல் சொல் அது, ‘எப்படி’யின் இலக்கிய வடிவம். பேச்சில் எய்ஃக் என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: எல்லவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். இஸ்ரேல் பயணிகள் தங்களுக்குள் பேசுவதில் எதைக் கவனித்தால் நான் புரிந்துகொள்ளலாம்? (வாசகர், எல்ல)

அவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் தம்பி. ஆனாலும் ‘காமா ஸெ ஓலெ?’ (இது எவ்வளவு) என்பதை நிச்சயம் கேட்பீர்கள். பதிலுக்கு: ஃகமேஷ் மேஓத் 500, எலெஃப் 1000, அல்பாயிம் 2000. பின்னாலேயே ‘லாமா கோல் காஃக் யகார்?’ வந்தால், ‘ஏன் இவ்வளவு விலை?’ பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். ‘மத்தாய் ஹரக்கேவெத்?’ என்றால் ரயில் எப்போது என்று விசாரிக்கிறார்கள். ‘எய்ஃபோ ஹகெஷெர்?’ என்றால் பாலம் எங்கே. எல்லவில் எந்தப் பாலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்பதானால் ‘லெஆன் அத்தெம் நொஸ்ஈம்?’ (நீங்கள் எங்கே போகிறீர்கள், பலரிடம்). இதில் தமிழர் தவறாமல் செய்யும் பிழைகள் இரண்டு. ‘கடை எங்கே’, ‘எங்கே போகிறீர்கள்’ இரண்டுக்கும் நமக்கு ‘எங்கே’ ஒன்றுதான். எபிரேயத்தில் இருக்கும் இடத்துக்கு எய்ஃபோ, போகும் திசைக்கு லெஆன். அடுத்து, ‘போ’ என்ற நம் வினை நடைக்கும் வண்டிக்கும் பொது. அங்கே நடந்து போவது ‘ஹோலேஃக்’, வாகனத்தில் போவது ‘நொஸேஅ’. வண்டிக்காரர் நடைச்சொல்லைப் பயன்படுத்தினால் பயணி குழம்புவார்.

‘எய்ஸெ யோஃபி!’ என்று யாராவது சொன்னால் பதில் தேட வேண்டாம். ‘எவ்வளவு அழகு!’ என்கிறார்கள். ‘மா பித்தோம்!’ கூடக் கேள்வியல்ல, ‘சேச்சே, இல்லவே இல்லை’ என்பது போல.

கேள்வி: ‘சாப்பிட்டீங்களா’ என்பதில் வரும் ‘ஆ’வுக்கு எபிரேயத்தில் என்ன? (வாசகி, பசறை)

எழுத்திலும் முறையான பேச்சிலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஹஇம்’ போடுவார்கள். வீட்டுப் பேச்சில் அதுவும் இல்லை. சாதாரண வாக்கியத்தைச் சொல்லிக் கடைசியில் குரலை உயர்த்தினால் போதும். ‘சரிதானே?’ என்று உறுதிப்படுத்த ‘நஃகோன்?’ சேர்க்கலாம்.

கேள்வி: வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும்போது தினமும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாருங்கள். ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்ல எந்தச் சொல்? (வாசகி, இராகலை)

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். எபிரேயத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. எண்பது வயதுக்காரரிடம் ‘அத்தெம்’ என்றால், ‘என்னோடு வேறு யார் இருக்கிறார்கள்?’ என்று திரும்பிப் பார்ப்பார். ஆணிடம் ‘அத்தா’, பெண்ணிடம் ‘அத்’, அவ்வளவுதான். பெரியவரை ஒருமையில் அழைக்க நம் மனசு ஒப்பாது. ஆனால் அந்த மொழியில் அது அவமரியாதை இல்லை. மரியாதையை ‘பெவக்காஷா’ (தயவுசெய்து), ‘ஸ்லிஃகா’ (மன்னிக்கவும்) என்ற சொற்களிலும் குரலிலும் காட்டுங்கள். பெவக்காஷாவின் முதல் எழுத்து பஸ்ஸில் வரும் ‘ப’.

தமிழில் ‘உனக்கு’ என்பதில் ஆண் பெண் பேதம் இல்லை. எபிரேயத்தில் கேள்விச் சொல் மாறாது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மாறும். ஆகவே பார்த்துக்கொள்ளப் போவது ஐயாவா அம்மாவா என்று தெரிந்தவுடன் அந்த ஒரு வரிசையை மட்டும் படியுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவசரத்தில் மாறி வரும்.

அம்மாவிடம்: ‘மா ஷ்லொமெஃக்?’ (எப்படி இருக்கிறீர்கள்), ‘எய்ஃபோ கோஎவ் லாஃக்?’ (எங்கே வலிக்கிறது), ‘மத்தாய் லக்காஃக்த் கதூர்?’ (எப்போது மாத்திரை எடுத்தீர்கள்), ‘அத் ரோத்ஸா லிஷ்த்தோத்?’ (குடிக்க வேண்டுமா).

ஐயாவிடம்: ‘மா ஷ்லொம்ஃகா?’, ‘எய்ஃபோ கோஎவ் லெஃகா?’, ‘மத்தாய் லக்காஃக்தா கதூர்?’, ‘அத்தா ரோத்ஸெ லிஷ்த்தோத்?’

‘எத்தனை மாத்திரை’க்கு ‘காமா கதூரிம்’. காமாவுக்குப் பின் எண்ணக்கூடிய பொருள் பன்மையில் வரும். காலம், பணம் போன்றவை ஒருமையில்: காமா ஸ்மான் (எவ்வளவு நேரம்), காமா கெஸெஃப் (எவ்வளவு பணம்).

முதல் நாளே அவர்கள் உங்களைக் கேட்கப்போவது பெயர். ‘மா’வை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். ‘எய்ஃக் கோர்ஈம் லாஃக்?’ என்றுதான் பெரும்பாலும் வரும். ‘உங்களை எப்படி அழைக்கிறார்கள்’ என்று பொருள். வயதைக் கேட்டால் ‘பத் காமா அத்?’

லாமாவை நோயாளியிடம் குறைவாகப் பயன்படுத்துங்கள். ‘ஏன் சாப்பிடவில்லை’ என்று கேட்டால் எந்த மொழியிலும் அதட்டல் போலத்தான் விழும். ‘மா காரா?’ (என்ன ஆயிற்று) போதும்.

பதில் புரியாவிட்டால் தலையாட்டிவிடாதீர்கள். மருந்து, வலி விஷயத்தில் அது ஆபத்து. ‘லோ ஹெவன்த்தி’ என்று சொல்லுங்கள். இறந்தகாலத் தன்மை வினை என்பதால் சொல்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் இது மாறாது. கூடவே ‘லெஆத், பெவக்காஷா’ (மெதுவாக). அப்போதும் பிடிபடாவிட்டால் அம்மாவிடம் ‘தர்இ லி எய்ஃபோ’, ஐயாவிடம் ‘தர்எ லி எய்ஃபோ’: எங்கே என்று காட்டுங்கள். அவர் கையை வைத்துக் காட்டுவார்.